செவ்வாய்க்கிழமை விடுமுறை

உடுமலையிலிருந்து தேன்மொழி வந்தாள்,
சரவணவேலோடும் இரண்டு பிள்ளைகளோடும்
ஒரு டின் தேங்காய் எண்ணெயோடும்.
எங்கள் வீட்டில் குளியலறை ஒன்று, நீல டிரம் இரண்டு.
தண்ணீர் லாரி இனி வியாழக்கிழமைதான்.
சொல்லலாமா கூடாதா என்று
இரவெல்லாம் புரண்டேன்.
காலையில் ஜோவிட்டா போட்டு உடைத்தாள்:
"ஆன்ட்டி, ஆளுக்கு ஒரு வாளிதான்."

திட்டம் பெரிது.
வண்டலூரில் சிங்கம், கிண்டியில் பாம்பு,
மெரினாவில் குதிரை,
காசு மிஞ்சினால் ஏதோ ஒரு மாலில் பொய்ப்பனி.
தண்டையார்பேட்டைக்காரர்கள் நாங்கள்
விருந்தாளி வந்தால்
தெற்கே பார்த்துத்தான் விரல் நீட்டுவோம்.

இட்லி கட்டி, பாட்டில் நிரப்பி,
சின்னதுக்கு மாற்று ஜட்டி மூன்று எடுத்து
செருப்பு மாட்டும்போது
ஜெபக்குமார் பல் தேய்த்தபடி சொன்னார்:
"இன்னிக்கு செவ்வாக்கெழம. ஜூ லீவு."

மகிழன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.
ஐந்து வயது.
சிங்கத்துக்கென்று ஊரிலிருந்தே
ஒரு பாக்கெட் பிஸ்கெட் சுமந்து வந்தவன்.

சும்மா விம்கோ நகர் வரை போய்த் திரும்பலாம் என்றேன்,
வேறு என்ன சொல்ல.
சுரங்கத்திலிருந்து மெட்ரோ மேலேறியதும்
மொட்டைமாடித் துணிகளுக்கு நடுவே
கடல் கிழிசல் கிழிசலாக வந்தது.
பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை.
எதிர்ப்பக்கம், மணலியில்,
புகைபோக்கி உச்சியில் பட்டப்பகலில் எரியும் தீ.
"அத அணைக்க யாரு மறந்தாங்க?" என்றான் மகிழன்.
பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள்.
காற்று திரும்பும் இரவுகளில்
நாங்கள் ஜன்னல் சாத்துவதை
நான் சொல்லவில்லை.

காசிமேட்டுக்குப் போனபோது ஏலம் முடிந்திருந்தது.
தரையெல்லாம் செதில்.
தேன்மொழி துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றினாள்,
நான் பார்ப்பது தெரிந்ததும் இறக்கினாள்,
பிறகு ஏற்றினாள்.
படகுக்கு ஐஸ் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.
பாளம் உள்ளே போய் வெள்ளை வெள்ளையாகப் பீச்சியது.
லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர்
"வா கண்ணு, பயப்படாத" என்று
ஒரு பிடி அள்ளி இதழினியின் கையில் வைத்தார்.
இரண்டு வயது. கத்தினாள்,
கத்திக்கொண்டே இன்னொரு பிடிக்குக் கை நீட்டினாள்.

சிங்கத்தின் பிஸ்கெட்டை
வலைக்குவியல் மேலிருந்த ஒற்றைக்காதுப் பூனை
முகர்ந்து பார்த்து, வேண்டாமென்று விட்டது.
மகிழனே தின்றான்.
அரைக்கிலோ நண்டுக்குப் பேரம் பேசும்போது
தேன்மொழியின் துப்பட்டா எங்கே போனதென்று
அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் மொட்டைமாடி.
துறைமுகத்தை நோக்கி
நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகள்,
ஆரஞ்சு, பச்சை, துருப்பிடித்த நீலம்.
மகிழனுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும்.
இருபது முடிந்ததும் மறுபடி ஒன்று,
ஜோவிட்டா ஒரு விரல் மடக்குவாள்.
ஐந்து விரலும் மடங்கி
அடுத்த கைக்குப் போனார்கள்.
சரவணவேல் கூடப் போய் நின்றுகொண்டான்.

நானும் எண்ணுகிறவள்தான்.
ஜெபக்குமாருக்கு யார்டில் இரண்டாம் ஷிப்ட்.
பத்து மணிக்கு மேல்
அந்த லாரிகளின் சக்கர இடுக்கில்
அவருடைய பைக் வரும்.
போன மாதம் தெருமுனையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்,
அது வேறு யாரோ.
படுத்தபடி ஒவ்வொரு இரைச்சலாகக் கழிப்பேன்,
இது இல்லை, இது இல்லை.

வந்தவர்கள் நாலு நாள் இருந்தார்கள்.
வண்டலூர் போனோம், சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.
மெரினாவில் குதிரைக்காரர் இருநூறு கேட்டார்.
வியாழன் வர வேண்டிய லாரி வெள்ளி வந்தது,
சரவணவேல் குடம் தூக்கினான்.

கடைசி இரவு
பாத்திரம் தேய்க்க விடமாட்டேன் என்று
தேன்மொழி என்னைத் தள்ளி உட்காரவைத்தாள்.
உள்ளே பிள்ளைகள் தாறுமாறாகத் தூங்கினார்கள்.
சாலை உறுமிக்கொண்டிருந்தது.
திடீரென்று குழாயை மூடினாள்,
தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
"அண்ணன் வந்துட்டாரு" என்றாள்.

எனக்கு இன்னும் கேட்கவில்லை.
அவள் சோப்புக் கையோடு
தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்தாள்.