மூணாவது பாட்டில் ஒரு ஃபேன் ஓடுகிறது

கொக்கிரகுளத்து மாடி அறையில்
மெத்தையைச் சுவரோடு சாத்தி வைத்து
பதினோரு ராத்திரி பாடினேன்.
எட்டுப் பாட்டு. ஒரு கிடார்.
பாலத்தில் லாரிகள் ஓய்ந்து
முதல் பால்வண்டி வருவதற்குள்
என்ன கிடைக்குமோ அவ்வளவு நேரம்.

எட்டிலும் நானேதான் இருந்தேன்.
சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
அரைமணிக்கு ஒருதரம் நிமிர்த்தினேன்.

மேலப்பாளையத்திலிருந்து செய்யதலி:
"எல, பாட்டு இப்பம் ஆரம்பிக்கும்
இப்பம் ஆரம்பிக்கும்னு இருந்தேன்,
முடிஞ்சிட்டு.
ஒரு தபேலாவாவது வச்சிருக்கலாம்லா?"

அஞ்சாவது பாட்டில் 'வரப்பு' என்று ஒரு சொல் வருகிறது.
தன்னைக் குத்திப் பாடியதாக
களக்காட்டுச் சித்தப்பா மகன்
பேச்சை நிறுத்திவிட்டான்.
அது எதுகைக்காக வந்த வரப்பு.
அதில் அரை சென்ட் நிலம்கூடக் கிடையாது.

முக்கூடல் முப்பிடாதி அக்கா
போன் போட்டே சொன்னாள்:
"ஒன் பாட்டப் போட்டுட்டுச் சுத்தினேன் தம்பி,
நூத்திப் பத்து பீடி கொறஞ்சு போச்சு.
கைக்கு அந்த இழுவை தொத்திக்கிட்டு.
சனிக்கிழமை கணக்கு முடியட்டும்,
பொறவு ஒருக்கா கேக்கேன்."
எனக்கு வந்ததிலேயே நல்ல விமர்சனம் அது.
நூத்திப் பத்து பீடிக்குக் கூலி என்ன என்று
ரொம்ப நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெபசீலி கேட்டாளா, தெரியவில்லை.
நீலக்குறி இரண்டு விழுந்தது.
ஆறாவது பாட்டில் பெய்கிற மழை
எந்த ஊரில், எந்த வருஷம் பெய்தது என்று
அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.
குறி மட்டும் நீலமாக இருக்கிறது, இன்றைக்கும்.

பால்வண்ணம் எலெக்ட்ரீஷியன்.
எங்கள் தெருவுக்கெல்லாம் மோட்டார் பார்ப்பவன்.
எட்டையும் வரிசையாகக் கேட்டிருக்கிறான்.
"மூணாவது பாட்டுல ஒரு ஃபேன் ஓடுதே,
அதுக்குக் கப்பாசிட்டர் போயிட்டு பாத்துக்க.
மாத்தாம விட்டியோ, காயில் கருகிரும்."
வேறொன்றும் சொல்லவில்லை.

மூணாவது பாட்டு
அந்த ஃபேனையே அண்ணாந்து பார்த்தபடி
நான் கிடந்த ஒரு மத்தியானத்தைப் பற்றியது.
பாட்டில் ஃபேன் என்ற சொல் இல்லை.
கவனமாக எடுத்துவிட்டிருந்தேன்.

இடையில் ஒரு புதன்கிழமை
பாபநாசம் பஸ்ஸில் போனேன்.
வீரவநல்லூர் தாண்டியதும்
முன்சீட்டுப் பையனின் போனிலிருந்து
என் குரல் வந்தது.
யார் அவன், எப்படிப் போய்ச் சேர்ந்தது, ஒன்றும் தெரியாது.
கழுத்தில் பாலிடெக்னிக் அட்டை.
மடியில் டிபன் டப்பா.
"தம்பி, சவுண்டக் கொறை" என்றார் கண்டக்டர்.
குறைத்தான். அணைக்கவில்லை.
யாரோ கூப்பிட்டுப் பேசுவதைப் போல
போனைக் காதோடு வைத்துக்கொண்டு
கல்லிடைக்குறிச்சி வரைக்கும்
ம், ம் என்று தலையசைத்துக்கொண்டே வந்தான்.
இறங்கும்போது என் காலை மிதித்துவிட்டான்.
நான்தான் என்று சொல்லவில்லை.
"ஸாரி அண்ணே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது.
பால்வண்ணம், டெஸ்டரும் கையுமாக.
கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு
ஏறி நின்று
ஃபேனின் மூடியைத் திருகினான்.
கொக்கியை ஒருதரம் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.
திருகை வாயில் கவ்விக்கொண்டு
மேலே பார்த்தபடியே கேட்டான்:
"இப்பம் ஒறங்குதியா?"

"ஒறங்குதேன்."

"சாப்பாடு?"

"ம்."

இறங்கி ஸ்விட்ச்சைப் போட்டான்.
அறையில் அப்படி ஓர் அமைதி.
இருவரும் கழுத்து வலிக்க
அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கப்பாசிட்டர் எழுவது ரூபாய்.
கூலி வேண்டாம் என்றான்.
என்னிடம் சில்லறை இல்லை.
அவன் அதைக் கேட்கவுமில்லை,
நான் இன்னும் கொடுக்கவுமில்லை.