பிறந்த திகதி

மாங்குளம் சந்தியில்
நீர்ப்பம்பி திருத்துகிற எனக்கு
இன்றிரவு பன்னிரண்டு மணிவரை தவணை.

படிவத்தை நிரப்பச் சொல்லி
துவாரகன் மூன்றாம் தடவையாகக் குழுமத்தில் போட்டிருக்கிறான்.
நோர்வேயிலிருந்து வந்து
கிளிநொச்சியில் மண்டபம் பிடித்து
ஆட்டிறைச்சிக்கும் சொல்லிவிட்டானாம்.
தலைக்கு ஐயாயிரம்.
'காசில்லாத ஆக்கள் தனியாச் சொல்லுங்கோ,
பிரச்சினையில்லை.'
அந்த வரிக்காகவே
முந்தநாள் காசைப் போட்டுவிட்டேன்.
போவதற்கல்ல.

முழுப்பெயர்.
ரீசேர்ட் அளவு.
மரக்கறியா மச்சமா.
பிறந்த திகதி:
அந்த மாதக்காரர் எல்லாருக்குமாய்க்
கேக் வெட்டவாம்.

நாலாவது கட்டத்தில்
மூன்று நாளாய் நிற்கிறேன்.

உயர்தரத்தில் என் கையெழுத்து
குண்டு குண்டாக, அச்சடித்ததுபோல.
அதனால்தான் சேர் கூப்பிட்டார்.
வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள்,
சீற்றில் பாலைமர நிழல்.
'பேரும் பிறந்த திகதியும். வடிவா எழுது தம்பி'
என்றவர் என்னைப் பார்க்கவில்லை,
வெண்கட்டிப் பெட்டியைப் பார்த்தார்.

முப்பத்தொரு பேர்.
அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன்.
இருபத்திரண்டாவது நான்.
எண்பத்தொன்பது வரவேண்டிய இடத்தில்
தொண்ணூறு என்று எழுதினேன்.
மற்ற முப்பதும் சரி.
அதுவும் வடிவாக.

பக்கத்து வாங்கிலிருந்து
கஜரூபன் எட்டிப் பார்த்தான்.
பேனை மூடியைக் கடித்தபடி
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
தன்னுடையதையும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மாற்றியிருப்பேனா?
ஒருநாள் ஓம் என்கிறேன்
ஒருநாள் இல்லை என்கிறேன்.

ஒன்பது பேர் போனார்கள்.
நாலு பேர் குழுமத்தில் இருக்கிறார்கள்.
வசீகலாவின் பெயருக்கு நேரே
துவாரகன் ஒரு பூப் படம் போட்டிருக்கிறான்.

முகாமில் பதிந்தபோது
என் வாய் தானாகத் தொண்ணூறு என்றது.
அடையாள அட்டையில் தொண்ணூறு.
மனைவிக்கும் தொண்ணூறு,
போன வருசம் பிள்ளைகள் ஊதிய மெழுகுதிரியிலும்
ஒன்று குறைவு.
அம்மாவும் போனபிறகு
சரியான வருசம் தெரிந்த ஆள்
உலகத்தில் இன்னும் ஒருவன்தான்.

அவன் இன்றைக்குத் தனியாக எழுதியிருக்கிறான்.
'மச்சான், நீ வந்தாத்தான் நானும் வருவன்.
பஸ்ஸில ஏறி இறங்கேலாது, உன்ர பைக்கில ஏத்து.
திகதியச் சரியாப் போடு, கேக் தப்பிடும்.'
கீழே, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற
மஞ்சள் முகம் ஒன்று.
எல்லாரும் போடுகிற முகம்தான்.
அரைமணி நேரமாய் அதைப் பார்க்கிறேன்.

பதினொன்றே கால்.
கிறீஸ் பிடித்த பெருவிரலைத்
தொலைபேசி ஏற்கவில்லை.
மண்ணெண்ணெயில் கழுவப் போனவன்
பைக்கைப் பார்த்தேன்.
பின் கால்மிதி ஒன்று உடைந்து
எத்தனையோ மாதம். இடப்பக்கம்.
ஏறுகிறவனுக்கு
அந்தப் பக்கம் தேவைப்படாதே என்று
ஒரு கணம் நினைத்தேன்.

அந்த ஒரு கணம்.

பிறகு பழைய இரும்புப் பெட்டியைக் கவிழ்த்து
பொருந்துகிற ஒன்றைத் தேடினேன்.
ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குந்தியிருந்து பூட்டினேன்.
என் பாரம் முழுவதையும் வைத்து
ஏறி மிதித்துப் பார்த்தேன்.

நட்டு இறுகி முடிய
பன்னிரண்டு ஐந்து.
படிவம் மூடிவிட்டது.

'சனிக்கிழமை எட்டரைக்கு நில்' என்று
கஜரூபனுக்கு எழுதினேன்.
திகதியைப் பற்றி
ஒன்றும் எழுதவில்லை.