அடர்த்திப் பொத்தான்

ஹென்னூர் பண்டேயில் பதினோரு வருடமாய்
ஜெராக்ஸ் கடை.
பக்கம் இரண்டு ரூபாய், முன்னும் பின்னும் மூன்று.
இந்த ஏரியா முகங்களில் பாதி
என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்தவை.

காங்கோ பையன்களின் பாஸ்போர்ட்டை வைத்தால்
முகம் இருக்கும் இடத்தில்
மெஷின் ஒரு மைக்குட்டையைத் துப்பும்.
மூஞ்சியே இல்லையே என்று
ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவார்கள்.
அடர்த்திப் பொத்தானை நாலு கட்டை குறைப்பேன்.
முகம் வரும், பெயர் வெளுத்துவிடும்.
பெயர் வேண்டுமென்றால் முகம் போகும்.

"அண்ணா, உன் மெஷினுக்கு என்னைப் பிடிக்கல"
என்று சிரித்தான் ஷாத்ராக் முகெண்டி.
பி.காம் இரண்டாம் வருடம்.
பதினோராயிரம் பெறாத அறைக்கு
அவனிடம் பத்தொன்பது வாங்குகிறார்கள்.
சாத்ராக்:
சூளையில் போட்டும் மயிர் கருகாதவன் என்று
கே.ஜி.எஃப் ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொன்ன பெயர்.

நானும் நிறத்தில் அவனுக்கு
இரண்டு கட்டைதான் குறைவு.
பெண் வீட்டுக்கு அனுப்பிய என் போட்டோவை
நானே வெளுத்தேன்.
நேரில் பார்த்த அன்று எஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை, இரவு ஒன்பதரை.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
ஹொய்சளா வண்டி வந்து நின்றது.
பேப்பர் கேட்டார்கள்.
அவன் நீட்டியது என் கடைக் காகிதம்,
சூடுகூட ஆறாதது.
டார்ச்சைக் காகிதத்தில் அடித்து, அவன்மேல் அடித்து,
"இது நீனா?"

அவன் என்ன பதில் சொன்னானோ
அடுத்த சத்தத்தில் அது கேட்கவில்லை.
லத்தியின் சத்தம் சினிமாவில் வருவதுபோல இல்லை.
மழையில் நனைந்த மெத்தையை
மாடியில் யாரோ தட்டுவதுபோல இருந்தது.
பேக்கரி வாசலில் டீ குடித்தவர்கள்
டீயைக் குடித்து முடித்தார்கள்.
டிரக்ஸ் கேஸ், என்றான் ஒருவன்.
அந்த ஒரு சொல் எல்லோருக்கும் போதுமாயிருந்தது.
எனக்கும்.

மறுநாள் ஏட்டு வந்தார்.
மகளின் சாதிச் சான்றிதழ், ஆறு காப்பி.
எப்போதும் கொடுக்காதவர் காசு கொடுத்தார்.
மேலே பார்த்து, கேமரா ஓடுதா என்றார் கன்னடத்தில்.
இல்லை சார் என்றேன்,
அவருடையதைவிடச் சுத்தமான கன்னடத்தில்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில்
இதே ஊருக்கு அத்தை வீடு வந்திருந்தோம்.
வெளியே கூட்டம் போனபோது
அம்மா என் வாயைப் பொத்தினாள்:
தமிழில் அழாதே.
எனக்கு ஏழு வயது. வேறு எதில் அழுவது?
அந்தக் கைதான் இன்னும் என் வாய்மேல் இருக்கிறது
என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன்.
ஆனால் அம்மா செத்து ஆறு வருடம் ஆகிறது.
இது என் கை.

பதினேழு நாளில் அந்தப் பெட்டி
பழைய ராத்திரியின்மேல் புது ராத்திரியை எழுதிவிடும்.
நான் ஒன்றையும் அழிக்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் வந்தான்.
வலது கையில் மாவுக்கட்டு.
ஆஸ்பத்திரிச் சீட்டு, புகார் மனு, மொத்தம் ஏழு பக்கம்.
கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை.
அதை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான்.
அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
பாஸ்போர்ட்டுக்குப் பொத்தானைக் குறைக்கப் போனேன்.
"வேண்டாம் அண்ணா, இருக்கிறபடி எடு."

காசு வேண்டாம் என்றேன்.
இடது கையால் எண்ணி
ஏழு இரண்டு ரூபாய் நாணயங்களைக்
கண்ணாடிமேலேயே வைத்துவிட்டுப் போனான்.

அவசரத்தில் வந்த அடுத்த அம்மாவின் ரேஷன் கார்டை
அதன்மேலேயே கவிழ்த்து மூடியிருக்கிறேன்.
குடும்பத் தலைவியின் பெயர்மேல்,
பிள்ளைகளின் பெயர்மேல்,
ஏழு கறுப்பு வட்டங்கள்.

என்னப்பா இது, என்றாள்.

மெஷின் கோளாறு, என்றேன்.