சொன்னது செல்லும்

டச்பாரில் மெல்ரோயின் லேத் பட்டறை
ஞாயிறு பின்னேரம் பூட்டியிருக்கும்.
பக்கக் கதவால் போகவேண்டும்.
சாணைக்கல்லுக்கு அருகே ஒரு பிளைவுட் பலகை,
சுண்ணக்கட்டியால் கோடு போட்ட மைதானம்.
எங்கள் ஆட்டக்காரர் எல்லாரும் நட்டுகள்.
கீப்பர் மட்டும் வாஷர், கொஞ்சம் அகலம் வேண்டுமென்று.
என்னுடையவற்றுக்கு நகப்பூச்சு அடித்திருக்கிறேன், மாதுளை நிறம்.
காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வரும் அஜ்வதின் ஆட்கள்
துருவோடு அப்படியே.
"துருவும் ஒரு ஜேர்சிதான்" என்பான்.

தாயக்கட்டை பித்தளை.
மெல்ரோய் கம்பியில் அறுத்து, அரம் போட்டு,
புள்ளிகளைத் துளைத்தது.
ஐந்துப் பக்கம் கொஞ்சம் பாரம் என்று எனக்குச் சந்தேகம்.
அவரிடம் கேட்டதில்லை.

முதலில் சொல்லவேண்டும்:
யார், யாருக்கு, எந்தப் பக்கத்தால்.
மறுகாதான் எறியவேண்டும்.

முந்தி இந்தச் சட்டம் இருக்கவில்லை.
ஆறு விழுந்தால், "நான் கோலுக்குத்தான் அடிச்சனான்."
ஒன்று விழுந்தால், "சும்மா தட்டிப் பாத்தனான்."
அஜ்வத் மட்டுமில்லை, நானும்தான்.
விழுந்ததைப் பார்த்துவிட்டு
நினைத்ததை மாற்றிக்கொண்டோம்.
நினைப்புக்கு யார் சாட்சி?
மூன்று ஞாயிறு சண்டை.
நாலாவது ஞாயிறு
மெல்ரோய் கிறீஸ் விரலால் சுவரில் எழுதினார்:
சொல்லிப்போட்டு எறி.

அதன்பிறகு ஆட்டம் மெதுவாகிவிட்டது.
வாயைத் திறக்குமுன் எச்சில் விழுங்கவேண்டியிருக்கிறது.
"ஏழு... இல்ல, ஒன்பது..."
"இல்ல எண்டு ஒண்டு இல்ல. ஏழுதான்."
புரி தேய்ந்த ஏழை அவரே தூக்கிக் கோட்டில் வைப்பார்.

போன கிழமை கடைசி எறி.
இரண்டுக்கு இரண்டு.
என் ஒன்பது கோலுக்கு முன்னால் தனியே.
அடிக்க ஐந்தாவது விழவேண்டும்,
பின்னுக்குக் கொடுக்க இரண்டு போதும்.
"பின்னுக்கு. நாலுக்கு," என்றேன்.
அந்தக் கிழமை முழுதும் அப்படித்தான்,
இரண்டு போதுமானவற்றையே செய்துகொண்டிருந்தேன்.
இடமாற்றப் படிவத்தை நிரப்பி
கையெழுத்து மட்டும் வைக்காமல்
லாச்சிக்குள் போட்டதும் அதே செவ்வாய்தான்.

எறிந்தேன்.
ஆறு.
ஒரு பின்பாஸுக்கு ஆறு!
பட்டுவேட்டி கட்டி
ஒரு நாள் பிந்தி வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி
பந்தை வாங்கிக்கொண்டு
நடுக்கோட்டில் நின்றது நாலாம் நம்பர்.
அஜ்வத் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.
"சட்டம் இல்லாட்டி இது கோல், ஜெனிற்றா,"
என்றான், நல்ல மனதோடு.

இன்றைக்கு மழை.
தகரத்தில் விழுகிற சத்தத்தில்
சொல்வதைக் கத்திச் சொல்லவேண்டியிருந்தது.
மறுபடி ஒன்பது. மறுபடி தனியே.
அஜ்வத் தன் வாஷரைத் தொட்டு, "வலது" என்றுவிட்டான்.
"கோலுக்கு! இடது மூலை!"
என் குரல் வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

கட்டை பலகையைத் தாண்டிப் பாய்ந்து
லேத்தின் எண்ணெய்த் தட்டுக்குள் விழுந்தது.
சுருண்டு கிடந்த இரும்புச் சீவலில்
ஒரு முனை குத்திச் சாய்ந்து நின்றது,
மூன்றுமில்லாமல் ஐந்துமில்லாமல்.
ரோச் அடித்து மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.
"ஐந்து மாதிரி," என்றேன்.
"மாதிரி எல்லாம் இல்ல," என்றான் அஜ்வத்.

மெல்ரோய் அதை எடுத்துச் சாரத்தில் துடைத்தார்.
"விழுந்தது செல்லாது.
சொன்னது செல்லும்."

திரும்பவும் கையில் கட்டை,
எண்ணெய்ப் பிசுக்கோடு.
இடது மூலை என்று அவனுக்குத் தெரியும்,
சுவருக்குத் தெரியும், மழைக்கும் தெரியும்.
அவன் வலதை மாற்ற முடியாது.
எனக்கும் யோசிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.
அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று
ஒருத்தரும் சொல்லவில்லையே.
உள்ளங்கையை மூடி
இன்னும் கொஞ்சம் வைத்திருந்தேன்.

"எறிகா," என்றான் அஜ்வத்.
"தேத்தண்ணி ஆறுது."