கனம்

படிவத்தில் பதினொன்றாம் கேள்வி:
உங்கள் குழு பாதுகாக்கும் மரபு எது?
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.
மூன்று நாளாய் வேனின் முன்கண்ணாடி அடியில்
வெயில் பட்டுச் சுருண்டு கிடக்கிறது.
தாளம் போடுவது நான், கணக்கு எழுதுவதும் நான்.
அதனால் மரபையும் நானே எழுத வேண்டுமாம்.

இன்றைக்குப் புதுச்சேரியில்
கடற்கரைக்குப் பின்தெரு, மஞ்சள் சுவர் விடுதி.
விருந்தினர் சூப் குடித்து முடிப்பதற்குள்
பன்னிரண்டு நிமிடம்.
'வர்ணிப்பெல்லாம் வேணாம், நேரா ஆட்டத்துக்கு வந்துருங்க.'
அழைக்காமல் எப்படி ஆடுவதென்று
கலியவரதன் பம்பையைத் தடவியபடி நின்றார்.
பிறகு அம்மனுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும்
முணுமுணுத்தார்.

'குடத்துக்குள்ள எதுக்கும்மா அரிசி?
காலியா இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?'
கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி
அஞ்சலாட்சி சொன்னாள்:
'கழுத்துக்குத் தெரியும் சார்.'

நாலு படி.
செடல் திருவிழாவுக்கும் நாலு படி,
சூப்புக்கும் நாலு படி.

மூன்றாம் மேசையில் சொல்தா வீட்டுப் பெண் ஒருத்தி.
பெயர் அமிர்தவல்லி, தமிழ் வராது.
கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்,
ஓர் அடி பிந்தி.
கடைசிவரை பிந்தியே தட்டினாள். நிறுத்தவில்லை.

இரவு பத்தரை. முள்ளோடை தாண்டி
பெண்ணையாற்றுப் பாலம் இறங்கினால்
ஆல்பேட்டைச் சோதனைச்சாவடி.
'எறங்கு. எல்லாத்தையும் எறக்கு.'
டார்ச் முனையால் மூட்டையைக் குத்தினார்கள்,
சலங்கை தன்பாட்டுக்குச் சிணுங்கியது.
'அந்தக் கொடத்துல?'
'அரிசிங்க.'
'கொட்டு.'

டிரைவர் இருசப்பன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.
கலியவரதன் ஆற்றைப் பார்த்தார்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது,
கன்னியக்கோயிலில் ஒண்ணுக்குப் போன மனுஷன்
ஏன் அத்தனை நேரம் கழித்து வந்தாரென்று.

அஞ்சலாட்சி முந்தானையை இழுத்துச் செருகினாள்.
'அழைச்ச கொடம் சார், தரையில கொட்டக்கூடாது.
தலையில ஏத்தறேன், காதக் குடுத்துக் கேளுங்க.
உள்ள பாட்டில் இருந்தா அரிசியே சொல்லிரும்.'

தடுப்புக்கும் வேனுக்கும் நடுவே பத்தடித் தார்.
பின்னால் லாரிகளின் ஹாரன்.
கலியவரதனின் கை முதலில் நடுங்கியது,
பிறகு நடுங்க மறந்தது.
விடுதியில் விழுங்கிய வர்ணிப்பு முழுதும்
வெளியே வந்தது,
மயானம், மஞ்சள், மாரியின் ஏழு பேர்,
ஒரு வரி விடவில்லை.
அவள் உட்கார்ந்தாள், மல்லாந்தாள்,
தார்ச்சாலையில் முழங்கை தேய
ஒரு முழு உருள் உருண்டு எழுந்தாள்.
குடம் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது.
ஒரு கிணுங்கல் இல்லை.
கரும்பு லாரிக்காரன் மட்டும் விசிலடித்தான்.
எத்தனை நிமிடம் என்று நான் குறிக்கவில்லை.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி வேர்வை துடைத்தார்.
'எந்த ஊரு?'
'வண்டிப்பாளையம்.'
'கொடத்துல எத்தன படி?'
'நாலு சார்.'
'எடப்பக்கம் திரும்பறப்ப நாலரையா ஆடுற.'
அவ்வளவுதான்.
தடுப்பு உயர்ந்தது.

மஞ்சக்குப்பம் வரைக்கும் யாரும் பேசவில்லை.
அங்கே அவள் குடத்துக்குள் முழங்கை வரை கைவிட்டாள்,
எடுத்தாள், கலியவரதனின் மடியில் போட்டாள்.
'இனிமே அரிசிக்குள்ள அரிசிதான் இருக்கணும்.
என் கழுத்து பொய் சொல்லப் பழகிரும்.'
அவர் பதில் சொல்லாமல்
மூடியைத் திருகினார், திரும்ப மூடினார்.

வேன் குலுங்கக் குலுங்க
பதினொன்றாம் கேள்விக்கு எழுதினேன்:
அரிசி, ஆட்டத்துக்கு நாலு படி.
செலவில் சேர்த்துக்கொள்ளவும்.

மீதி நாற்பது சொச்சம் சொல்லுக்கு
இடம் அப்படியே கிடக்கிறது.