வறண்ட ஓடைக்குக் கறுப்பு

வேலைவாய்ப்பு நாளுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.
பாளையங்கோட்டைக் கல்லூரி, இரண்டாம் மாடி,
நான் படித்தபோது இருந்த அதே உலக உருண்டை.
அதில் சோவியத் யூனியன் இன்னும் உடையவில்லை.

எதிரே முப்பத்தொரு பேர்.
பாதிப் பேர் இயற்பியல் கிடைக்காமல் வந்தவர்கள்,
முகத்தில் தெரிகிறது.
நானும் அப்படி வந்தவள்தான்.

"புவியியல் படிச்சா என்ன வேலை மேடம் கிடைக்கும்?"
முதல் பெஞ்சு. ஷமீமா, மேலப்பாளையம்.

எழுதி வந்த தாளை விரித்தேன்.
என் வகுப்புச் செல்வின் துரை
பணகுடிப் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் இருக்கிறான்.
கணவாய்க் காற்று எந்த மாதம் எந்த மணிக்குத் திரும்பும்
என்று எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறான்.
ஆவுடைத்தங்கம் அம்பையில் ஒன்பதாம் வகுப்புக்கு
மழைமறைவுப் பிரதேசம் நடத்துகிறாள்.
ராதாபுரத்துப் பிள்ளைகளுக்கு என்றால்
வெளியே கூட்டிப்போய் நிறுத்தினாலே போதும் என்பாள்.
மைதீன் பிச்சை கத்தாரில், எண்ணெய்க் குழாய் வரைபடம்.
சுப்புக்குட்டி மூன்று தடவை குரூப் டூ எழுதினான்,
இப்போது சொந்தமாக இரண்டு லாரி.
"எனக்கு மேப்பே வேண்டாம்" என்று பீற்றிக்கொள்வான்.
அதுவும் படிப்பின் பயன்தான் என்றேன்.
சிரித்தார்கள்.

செயற்கைக்கோள் படம், ட்ரோன், மக்கள்தொகைக் கணக்கு
எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.
ஐந்திணையும் உள்ள சீமை என்று துறைக் கையேட்டில் போட்டிருக்கிறார்கள்,
களப்பயணக் காசு ஒரு திணைக்குத்தான் வரும்
என்றும் சொன்னேன். துறைத்தலைவர் சிரிக்கவில்லை.

தாளில் எழுதாதது ஒன்று உண்டு.

படிப்பு முடிந்ததும் வண்ணார்பேட்டையில்
ஒரு மனைப்பிரிவு ஆபீஸ்.
மாதம் பதினான்காயிரம்,
ஏசி கம்ப்யூட்டருக்கு மட்டும்.
அரைக் கிலோமீட்டர் ஒரு சென்டிமீட்டராகச் சுருங்கிய
பழைய நிலவரைபடத்தைத் திரையில் விரித்தேன்.
பூவாணிக்குளத்து மறுகாலில் புறப்பட்டு
ஒரு கறுப்புக்கோடு
எங்கள் மனைகளுக்குள் நுழைந்து வெளியேறியது.

நீர் உள்ளதற்கு நீலம், வறண்ட ஓடைக்குக் கறுப்பு.
முதல் பருவம், இரண்டாம் தாள்,
இரண்டு மதிப்பெண் கேள்வி.

முதலாளி டீ டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.
"இதுல தண்ணி வந்து இருவது வருசம் ஆச்சும்மா.
வாங்குதவன் பயந்துருவான். எடுத்துருங்க."
நல்ல மனிதர். தீபாவளிக்குச் சேலை தந்தவர்.
ஒரு பொத்தான்தான்.
கேட்டுக்கொண்டது கம்ப்யூட்டர் மட்டும்:
நிச்சயமாக அழிக்கவா?

பிறகு தாலுகா ஆபீசில், பேரிடர்ப் பிரிவில், ஒப்பந்த வேலை.
ஒரு மார்கழி இரவு
பூவாணிக்குளம் மறுகால் பாய்ந்தது.
கட்டுப்பாட்டு அறையில் நாலாவது போன் என்னுடையது.

"மேடம், மனை எண் பதினேழு.
அடுப்படிக்குள்ள வந்துட்டு.
மழை நின்னு ஒரு மணி நேரமாச்சு, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு,
எங்கருந்து வருதுன்னே தெரியல."

எனக்குத் தெரியும்.
படத்தைத் திறக்காமலே சொன்னேன்:
கிழக்கே போகாதீங்க,
மேற்கே பள்ளிக்கூடம், அங்கே தரை இரண்டு மீட்டர் மேடு,
பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு இப்பவே கிளம்புங்க.

பெரியவர் ஒருவர் போனை வாங்கிச் சொன்னார்:
"நல்லா இருப்பிய தாயி."
அடுத்த போன் அடித்தது,
எடுத்தேன்.

ஷமீமா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.
நான் எங்கே விட்டேன் என்று
துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

எழுந்துபோய்க் கரும்பலகையில்
ஒரு குளம், ஒரு மறுகால்,
அதிலிருந்து ஒரு கோடு வரைந்தேன்.
கறுப்பாக இருக்க வேண்டியது, கரும்பலகையில்
வெள்ளைச் சாக்பீஸில்தான் வரைய முடிந்தது.
அதைத் தொட்டபடி
சொல்லத் தொடங்கினேன், பொத்தானிலிருந்து.

யாரும் எழுதவில்லை.
கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் கை தூக்கினான்:
"மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

வரும் என்றேன்.
இரண்டு மதிப்பெண்.