அச்சு

பகலில் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
ஆறு மணிக்கு மேல் கராஜில்
ஹோல்பீச் ஐந்நூறு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு,
ஒற்றை இருக்கை, ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால்
மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்துவைத்த எஞ்சின்.
அது வந்த நாளில்
துணி உலர்த்தும் மெஷினும் கிளைவின் தூண்டில் கோல்களும்
லிங்கன்ஷயர் மழைக்குள் இடம்பெயர்ந்தன.

கோழிப்பண்ணையில், தீவன மூட்டைகளுக்கு அடியில்
கிடந்ததை வாங்கினேன்.
மூக்குக்குள் முட்டை ஓடு.
துருவை நான் சொத்தை என்றுதான் சொல்வேன்:
மேலே ஊசிமுனைப் புள்ளி,
தோண்டினால் உள்ளே ஓர் அறை.
லேபில் கழித்துப்போட்ட கொக்கிகளும் சுரண்டிகளும்
கார்பரேட்டரின் துளைகளுக்குள் நுழைந்த மாதிரி
வேறெதுவும் நுழையவில்லை.

'உனக்கு மரை கழன்றுவிட்டது' என்றார் கிளைவ்.
ஆமாம். பதினோரு மரை.
எந்தக் கடையிலும் அந்த அளவு கிடையாது.
நானே கடைந்துகொண்டேன்.

முன் குறுக்குக் குழாயில், ஏழு பூச்சுகளுக்கு அடியில்
(பச்சை, பச்சை, சிவப்பு, ஏதோ டிராக்டருக்கு மிஞ்சிய நீலம்)
எண் தெரிந்தது: 17.
ஏழுக்குக் கால் சற்று வளைவு.
அன்றிரவே சங்கத்துக்கு எழுதிப் போட்டேன்,
பிள்ளை பெற்றவள் மாதிரி.

மூன்று வாரத்தில் ஸ்வீடனிலிருந்து ஒரு கடிதம்.
'அன்புள்ள திருமதி பிளெங்கின்,
பதினேழாம் எண் கார் என்னிடம் இருக்கிறது,
இருபத்தாறு வருடமாக.
உங்களிடம் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது.
மரியாதையுடன்,
ஸ்டீக் ஹெல்க்விஸ்ட், நார்ஷோப்பிங்.'

மரியாதையுடன்!
அந்தச் சொல்லை நாலு நாள் மென்றேன்.
ஐந்தாம் நாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு
காருக்கு அடியில் படுத்தேன்.

இருக்கைக்குப் பின்னால்
நான்கு குழாய்களிலும் ஒரே வரிசையில் ஒட்டு.
உள்ளே உறை நுழைத்து, பித்தளை உருக்கி,
சுத்தமாகப் பற்றவைத்திருந்தார்கள்.
அதற்கு முன்னால் ஒரு கனம், பின்னால் வேறு கனம்.
என் கார் இடுப்புவரைதான் என் கார்.

ஏதோ ஒரு வளைவில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை
மோதியிருக்க வேண்டும்.
அறுத்து, இரண்டு பேருக்கு விற்றிருக்கிறான் ஒருவன்.
இரண்டு பேரும் மிச்சத்தைச் செய்துகொண்டார்கள்.
ஊகம்தான். அவருக்கு எழுதினேன்.
படம் அனுப்பினார்: அதே இடத்தில் ஒட்டு,
பின்தகட்டில் 17,
அந்த ஏழுக்கும் கால் வளைவு.

சுடரைக் காட்டினேன். பித்தளை இளகிச் சொட்டியது.
குழாய் வாய் திறந்தது.
கை ரம்பத்தால் அறுத்த சாய்வு விளிம்பு;
பாதியில் களைத்து, மறுபக்கமிருந்து தொடங்கி,
நடுவில் ஒரு படிக்கட்டு.
இதற்கென்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.
வருடத்துக்கு இரண்டாயிரம் தடவை செய்கிறேன்.
இளஞ்சிவப்பு மாவைக் கரைத்து விளிம்பில் அப்பி,
மூன்று நிமிடம் பொறுத்து, உருவி,
பிளாஸ்டர் ஊற்றினேன்.
நான்கு அச்சுகள், பஞ்சில் பொதிந்து,
சுங்கச் சீட்டில் 'பல் மாதிரி, விலை இல்லை.'

அவர் கார் ஓடுகிற கார்.
அடுத்த மாதம் பந்தயம் வேறு.
அதைப் பிரித்தார்.
நான் கேட்கவில்லை, அவராகவே.

'அன்புள்ள திருமதி பிளெங்கின்,
பொருந்துகிறது. நான்கும்.
ரம்பம் தின்ற ஒரு மில்லிமீட்டரை மட்டும் காணோம்.
அது நம் இருவரிடமும் இல்லை.'
அடியில் மரியாதை எதுவும் இல்லை. ஸ்டீக் என்று மட்டும்.

மறுபடி பித்தளை உருக்கினேன், அதே ஒட்டில்.
ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
கிளைவ் பின்னாலிருந்து தள்ள,
இரண்டு முறை இருமி, மூன்றாவதில் பிடித்தது.
தெரு முழுக்க விளக்கெண்ணெய்ப் புகை.
எதிர்வீட்டு ஆஸ்கர்பி அம்மாள்
கொடியிலிருந்த துணிகளை வேகவேகமாக உருவினாள்,
ஒரு போர்வையை மறந்துவிட்டு.

பதிவுப் படிவத்தில் எண் கேட்கும் கட்டத்தில்
17 என்று எழுதினேன்.
அவரும் அதையேதான் எழுதுகிறாராம்.
ஏழின் காலைக் கொஞ்சம் வளைத்து.